கிளம்பும் முன்பா, வந்த பின்பா?

போன மாதம் எங்கள் கல்லூரி முதல்வர் ஒரு கோப்பைக் கையில் கொடுத்தார். மேலே "தொற்றுக் காலப் பயண நடைமுறை" என்று எழுதியிருந்தது. உள்ளே நடைமுறை ஒன்றும் இல்லை. கோவிட் பரவிய 2020, 2021-ல் வந்த சுற்றறிக்கைகள்தான் ஒன்றின்மேல் ஒன்றாகப் பின் அடித்துக் கிடந்தன. இனி ஒரு தடவை அப்படி ஒரு காலம் வந்தால், ஊரிலிருந்து திரும்பும் மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் என்ன விதி வைப்பது என்று இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். நான் வேதியியல் வாத்தியார். நோயைப் பற்றிப் பேச எனக்குத் தனித் தகுதி ஏதும் இல்லை. ஆனால் 2021 ஜூலையில் கல்லூரி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் காகிதங்களைச் சரிபார்த்த நாலு பேரில் நானும் ஒருவன். எழுத உட்கார்ந்தது அந்த ஒரே பாத்தியதையில்தான்.

கல்லூரி பெங்களூரின் தென்கோடியில், ஓசூர் சாலையை ஒட்டி இருக்கிறது. அதனால் கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பிள்ளைகள் அதிகம். கேரளப் பிள்ளைகளும் உண்டு. வாசல் காவலாளியிலிருந்து மெஸ் சமையல்காரர் வரை பாதிப் பேருக்கு வீடு எல்லைக்கு அந்தப் பக்கம். தீபாவளி, பொங்கல் என்றால் வளாகமே வெறிச்சோடிவிடும். ஆகவே "வெளிமாநிலத்திலிருந்து திரும்புகிறவர்கள்" என்று சுற்றறிக்கையில் வருவது எங்களுக்கு யாரோ சிலர் அல்ல, ஏறக்குறைய எல்லாரும்தான்.

வழிகள் என்று பார்த்தால் நாலு. கிளம்பும் முன் பரிசோதனை செய்து காகிதத்தோடு வரச் சொல்வது. வந்த பிறகு 14 நாள் தனியே வைப்பது. தடுப்பூசிச் சான்று கேட்பது. ஒன்றும் கேட்காமல், காய்ச்சல் சளி வந்தால் மட்டும் கவனிப்பது. நாலுமே அந்த இரண்டு வருடத்தில் ஏதோ ஒரு சமயம் இங்கே நடப்பில் இருந்தவை. ஆன்லைன் வகுப்பை ஐந்தாவது வழியாகச் சிலர் சொல்வார்கள். அது திரும்புவதற்கான விதி அல்ல, திரும்பாமல் இருப்பதற்கான விதி. டைட்ரேஷனை இரண்டு செமஸ்டர் கைபேசியிலேயே பார்த்துப் படித்த பிள்ளைகள், ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தபோது பியூரெட்டை எந்தக் கையால் திருகுவது என்று கேட்டார்கள். அதை அதோடு விட்டுவிடுகிறேன்.

எந்த விதியானாலும் நான் கேட்பது ஒரே கேள்வி: இது இருந்தால் யாருக்கெல்லாம் உண்மையை மறைக்கத் தோன்றும்? மருத்துவ ரீதியாக எது சிறந்தது என்பதை மருத்துவர்கள் சொல்லட்டும். மறைக்கத் தூண்டும் விதி, மருத்துவ ரீதியாக எவ்வளவு சரியானாலும் வாசலில் தோற்றுவிடும் என்பது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியும்.

72 மணி நேரக் காகிதம்

2020 நவம்பர் 17-ல் கர்நாடகத்தில் டிகிரி கல்லூரிகள் திறந்தபோது, வகுப்புக்கு வருகிறவர்கள் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையில் தொற்று இல்லை என்ற அறிக்கையும், பெற்றோரின் சம்மதக் கடிதமும் கொண்டுவர வேண்டும் என்றார்கள். வருகை கட்டாயம் இல்லை. விரும்பினால் ஆன்லைனிலேயே தொடரலாம். 2021 பிப்ரவரியில் கேரளத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு இதே 72 மணி நேர அறிக்கை எல்லையிலேயே கட்டாயமானது. இரண்டாம் அலை அடங்கி, 2021 ஜூலை 26-ல் கல்லூரிகள் மறுபடி திறந்தபோது அரசு கேட்டது வேறு: குறைந்தது ஒரு டோஸ் தடுப்பூசி. எங்கள் கல்லூரி அதன்மேல் தன் பங்குக்கு இந்தப் பழைய அறிக்கையையும் சேர்த்துக் கேட்டது. "எதற்கும் இருக்கட்டும்" என்பதுதான் காரணம். இந்த "எதற்கும் இருக்கட்டும்" அந்த இரண்டு வருடத்தில் செய்த வேலை கொஞ்சநஞ்சமல்ல.

26-ம் தேதி திங்கட்கிழமை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பெண் அப்பாவோடு வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மூக்கில் குச்சி விட்டு எடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை அறிக்கை வந்தது. ஞாயிறு இரவு ரயில். திங்கள் காலை இறங்கி, ஆட்டோ பிடித்து எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றே கால். என் பக்கத்தில் இருந்த சக ஆசிரியர் விரல் விட்டு எண்ணினார். எழுபத்து மூன்றே கால் மணி நேரம். மாதிரி எடுத்த நேரத்திலிருந்து கணக்கா, அறிக்கை வந்த நேரத்திலிருந்தா என்று எங்களுக்குள்ளேயே தகராறு. அப்பா ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்: "ரயில் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா சரியா இருந்திருக்கும், இல்லைங்களா சார்?"

உள்ளே விட்டோம். அன்றைக்கு மத்தியானம் வந்த ஒரு பையனுக்கு எண்பது மணி நேரம் ஆகியிருந்தது. அவனைத் திரும்ப ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். எழுபத்து மூன்றுக்கும் எண்பதுக்கும் இடையே வைரஸ் என்ன செய்துவிடும் என்று யாராவது கேட்டிருந்தால் எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பெண் பரிசோதனைக்குப் பிறகு ஓர் இரவு முழுக்க முன்பின் தெரியாதவர்களோடு ஒரே பெட்டியில் வந்திருக்கிறாள். அந்த இரவைப் பற்றி அந்தக் காகிதம் ஒன்றும் சொல்லாது. சொல்ல முடியாது.

பரிசோதனைக்கே இதில் ஒரு வரம்பு இருக்கிறது. 2020-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், அதுவரை வந்திருந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டுச் சொன்னது இது: தொற்று உடம்பில் ஏறிய முதல் நாளில் ஆர்.டி.பி.சி.ஆர். அதைக் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது. நாலாம் நாளில்கூட நூற்றுக்கு 67 தடவை தவறவிடும். அறிகுறி தெரியத் தொடங்கும் ஐந்தாம் நாள் வாக்கில் 38. எட்டாம் நாளில்தான் 20-க்கு இறங்கும். அதாவது பஸ்ஸில் ஏறுவதற்கு முந்தின நாள் கல்யாண வீட்டில் ஒட்டிக்கொண்டது, கையில் உள்ள காகிதத்தில் தெரியாது.

செலவையும் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் கர்நாடகம் தனியார் ஆய்வகக் கட்டணத்தை 800 ரூபாய் என்று குறைத்தது; வீட்டுக்கு வந்து எடுத்தால் 1,200. நகரத்தில் இருப்பவருக்கு இது பெரிய தொகை அல்ல. அரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கிளம்புகிற பையனுக்கு மாதிரி கொடுக்க ஒரு நாள், அறிக்கையை பிரிண்ட் எடுக்க இன்னொரு நாள், இரண்டுக்கும் பஸ் செலவு. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான். ஆனால் அறிக்கை என்றைக்கு வரும் என்று தெரியாமல் ரயில் டிக்கெட் எப்படி எடுப்பது? அப்போது ஓடியவை சிறப்பு ரயில்கள். உட்கார்ந்து போகும் பெட்டிக்குக்கூட முன்பதிவு வேண்டும்.

இந்த நெருக்கடியில்தான் கைவரிசை ஆரம்பிக்கிறது. பழைய அறிக்கையில் தேதியை மட்டும் கைபேசியிலேயே மாற்றிக்கொண்டு வந்த இரண்டு பேரைப் பிடித்தோம். எழுத்துரு மாறியிருந்ததால் மாட்டினார்கள். ஒழுங்காக மாற்றத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் எங்களைத் தாண்டிப் போனார்களோ.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு இரண்டரை மாதம் முன்பே, 2021 மே 4-ல், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தெளிவாகச் சொல்லியிருந்தது: மாநிலம் விட்டு மாநிலம் போகும் ஆரோக்கியமானவர்களுக்கு ஆர்.டி.பி.சி.ஆர். கேட்பதை அடியோடு விட்டுவிடலாம், ஆய்வகங்களின் பாரம் குறையும். ஒரு தடவை தொற்று உறுதியானவருக்கு அதே பரிசோதனையைத் திரும்பச் செய்யக் கூடாது. இயற்பியல் துறை நண்பர் ஒருவர் ஜூனில்தான் தேறி எழுந்திருந்தார். செத்த வைரஸின் துணுக்குகள் வாரக்கணக்கில் பரிசோதனையில் தெரியும் என்பதால் அவர் பயந்துகொண்டே போய் மாதிரி கொடுத்தார். நாங்கள் அவரிடமும் காகிதம் கேட்டோம். அந்த ஐ.சி.எம்.ஆர். அறிவுரையை எங்களில் யாரும் படித்திருக்கவில்லை, நான் உட்பட.

வழி இருக்கிறதா என்று யார் பார்த்தது?

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். கல்லூரி ஜூலை 26-ல் திறக்கும் என்று பெங்களூரில் முடிவாகிறது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகத்துக்கு நேர் பஸ் மறுபடி ஓட ஆரம்பித்தது ஆகஸ்ட் 23-ல். இடையில் நாலு வாரம். ரயிலில் இடம் கிடைக்காதவர்களுக்கு இருந்த ஒரே வழி, ஓசூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து ஜூஜூவாடிக்கு ஒரு டவுன் பஸ், பிறகு எல்லையைக் காலால் தாண்டி அத்திபெலேயில் இன்னொரு பஸ்.

25-ம் தேதி ஞாயிறு சாயங்காலம் அக்கா பையனைக் கூட்டிவர அத்திபெலே போயிருந்தேன். லாரிகள் ஒரு பக்கம் ஊர்ந்துகொண்டிருக்க, சாலை ஓரமாக ஒரு நீள வரிசை நடந்து வந்துகொண்டிருந்தது. தோளில் பை, கையில் டிராலி, இடுப்பில் குழந்தை. தலையில் அரிசி மூட்டையோடு ஓர் அம்மா. தார் போட்ட இடத்தில் உருளுகிற டிராலி ஜல்லியில் உருளாது. அக்கா பையனுடையதில் ஒரு சக்கரம் கழன்று, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெட்டியை நாய்க்குட்டி மாதிரி இழுத்து வந்தான். முகக்கவசம் தாடையில். "மாமா, நடக்கிறப்ப மூச்சு வாங்குது, அதான்" என்றான். ஊறுகாய் பாட்டில் உடைந்து பை முழுக்க எலுமிச்சை வாசம். அந்தக் கூட்டத்தில் இருந்த நெருக்கம் தீபாவளி நேரத்து மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்குக் குறைந்ததல்ல.

அடுத்த நாள் காலை அதே பிள்ளைகளிடம்தான் நாங்கள் 72 மணி நேரத்தைக் கணக்குப் பார்த்தோம்.

பதினாலு நாள்

தனிமைப்படுத்தல் காகிதத்தில் மிகவும் பாதுகாப்பானது. 2020 மே மாதம் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், குஜராத் போன்ற மாநிலங்களிலிருந்து கர்நாடகத்துக்குள் வருகிறவர்களை அரசே இடம் காட்டித் தனியே வைத்தது. அப்புறம் கையில் முத்திரை குத்தி வீட்டில் இருக்கச் சொன்னது. 2020 நவம்பர் 5-ல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட வழிகாட்டுதலும், வெவ்வேறு ஊர்களிலிருந்து விடுதிக்கு வருகிறவர்கள் வகுப்புக்குப் போகும் முன் 14 நாள் தனித்திருக்க வேண்டும் என்றது. ஓர் அறையில் ஒருவர்தான் என்றும் சொன்னது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடுதியில் 100 அறை, அறைக்கு மூன்று பேர் வீதம் 300 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அறைக்கு ஒருவர் என்றால் ஒரு தவணையில் 100 பேர். மூன்று தவணை, 42 நாள். முதல் தவணை முடித்தவர்களை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு யு.ஜி.சி.யிடமும் பதில் கிடையாது, எங்கள் வார்டனிடமும் கிடையாது. எங்கள் விடுதி போன்ற பழைய கட்டடங்களில் மாடிக்கு ஒரு பொதுக் குளியலறை வரிசை. அறைக்குள் தனியாக இருந்துவிட்டு, காலை ஏழு மணிக்கு வாளியோடு இருபது பேர் ஒரே வராந்தாவில் நின்றால் அதற்குப் பெயர் தனிமை இல்லை.

யார் மறைப்பார்கள் என்று கேட்டால், எங்கிருந்து வருகிறோம் என்பதையே மறைப்பார்கள். எல்லைக்கு அப்பால் போய் வந்ததாகச் சொன்னால் பதினாலு நாள். "எலெக்ட்ரானிக் சிட்டியில் சித்தி வீட்டில் இருந்தேன்" என்றால் ஒரு நாளும் இல்லை. யாராக இருந்தாலும் எதைச் சொல்வார்கள்? ஊழியர்களுக்கு இன்னும் மோசம். நிரந்தர ஆசிரியருக்கு அது பதினாலு நாள் விடுப்பு. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருக்குப் பதினாலு நாள் கூலி போச்சு.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: பயணத்துக்கு முன்னால் அல்ல, பின்னால் உள்ள நாட்களைத்தான் அது கவனிக்கிறது. இடம் இல்லாததால் மட்டும் அது தோற்கிறது. நோயுற்ற சிலருக்கு மட்டும் என்றால் இடம் கிடைக்கும். 2022 ஜனவரியில் மத்திய அரசு லேசான தொற்றுக்கு வீட்டுத் தனிமையை ஏழு நாளாகக் குறைத்தது. பத்து அறை, ஏழு நாள் என்பது எந்தக் கல்லூரியாலும் செய்யக்கூடியது.

தடுப்பூசிச் சான்று

மேசையில் இருந்த எங்களுக்கு மிக வசதியான விதி இதுதான். ஒரு தடவை பார்த்தால் போதும், மணிக் கணக்கு கிடையாது, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் முடிந்தது. கல்லூரி வளாகங்களிலேயே முகாம் போட்டு ஊசி போட்டார்கள். அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 2021 கோடையில் இந்த ஊரில் படுக்கைக்காக அலைந்த குடும்பங்களைப் பார்த்தவன் எவனும் ஊசியைக் குறை சொல்ல மாட்டான்.

சிக்கல் வந்த இடம் வேடிக்கையானது. நம் பெயர்கள். அரசின் தடுப்பூசித் தளமான கோவின் தந்த சான்றில் "கார்த்திக் எஸ்". கல்லூரி அடையாள அட்டையில் "எஸ். கார்த்திக்". ஆதாரில் "கார்த்திக் சுப்பிரமணி". மூன்றும் ஒரே ஆள்தான் என்று எனக்கும் காவலாளிக்கும் சொல்லாமலே தெரியும். பக்கத்தில் இருந்த வட இந்தியச் சக ஊழியருக்கு எஸ் என்பது சாதிப் பெயரா, அப்பா பெயரா, ஊர்ப் பெயரா என்று ஒவ்வொரு தடவையும் சந்தேகம். ஒரு மணி நேரம் இனிஷியல் என்றால் என்ன என்று வகுப்பு எடுத்தேன்.

இடைவெளி இன்னொரு பிரச்சினை. கோவிஷீல்டின் இரண்டு டோஸுக்கு நடுவே முதலில் நாலிலிருந்து ஆறு வாரம், பிறகு ஆறிலிருந்து எட்டு, 2021 மே 13-லிருந்து பன்னிரண்டிலிருந்து பதினாறு வாரம். ஜூனில் முதல் டோஸ் போட்ட பிள்ளைக்கு இரண்டாவது ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகுதான் கிடைக்கும். ஆகவே இரண்டு டோஸ் கேட்கிற எந்த விதியும் ஒழுங்காக வரிசையில் நின்றவனையே வாசலில் நிறுத்தும். அரசு ஒரு டோஸ் போதும் என்றது இதனால்தான் நடைமுறைக்கு ஒத்துவந்தது.

ஆனால் ஊசி தன்னைப் போட்டுக்கொண்டவரைக் கடும் நோயிலிருந்து காப்பாற்றும். அவர் பஸ்ஸிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை என்று உத்தரவாதம் தராது. ஒமிக்ரான் என்ற புதுவகை வைரஸின் முதல் இரண்டு இந்தியத் தொற்றுகள் 2021 டிசம்பர் 2-ல் கர்நாடகத்தில்தான் அறிவிக்கப்பட்டன. அடுத்த மாதம் எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டு டோஸ் போடாதவர் ஒருவரும் இல்லை, ஆனாலும் வரிசையாகப் படுத்தோம். யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஊசி தன் வேலையைச் செய்தது. வாசலில் கேட்ட சான்று ஒன்றும் செய்யவில்லை.

சட்டமும் இப்போது வேறு. 2022 மே 2-ல் உச்ச நீதிமன்றம், யாரையும் ஊசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. தொற்று குறைவாக இருக்கும்வரை, போடாதவர்கள்மேல் உள்ள கட்டுப்பாடுகளைத் தனியார் நிறுவனங்களும் கல்வி நிறுவனங்களும்கூட மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் சொன்னது. சமூக நலனுக்காக அரசு நியாயமான வரம்பு வைக்கலாம் என்பதை அது மறுக்கவில்லை. ஆகவே இதை அரசு ஆணை இல்லாமல் கல்லூரியே தன்னிச்சையாக வாசல் நிபந்தனை ஆக்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

ஒன்றும் கேட்காமல் விடுவது

2020 ஆகஸ்ட் 24-ல் கர்நாடகம் ஒரே ஆணையில் சேவா சிந்து என்ற அரசு இணையதளப் பதிவு, கை முத்திரை, 14 நாள் தனிமை எல்லாவற்றையும் நீக்கியது. அறிகுறி இல்லையென்றால் வந்த அன்றே வேலைக்கோ படிக்கவோ போகலாம். இருந்தால் தனித்திருந்து, ஆப்தமித்ரா உதவி எண் 14410-ஐக் கூப்பிட வேண்டும் என்றது. அப்போது இதைப் படித்துவிட்டு "கை கழுவிவிட்டார்கள்" என்று நானே ஆசிரியர் அறையில் பேசியிருக்கிறேன். இப்போது எனக்கு அந்த நாலு வழியில் மிக நேர்மையானதாகத் தோன்றுவது இதுதான். ஏமாற்றத் தேவையான காகிதம் எதையும் அது கேட்கவில்லை.

ஆனால் அது முழுக்க முழுக்க ஒரே ஒரு விஷயத்தை நம்பி நிற்கிறது: காய்ச்சல் வந்தவன் வாயைத் திறந்து சொல்வான் என்பதை. எங்கள் கல்லூரியில் அது எப்படி உடைந்தது என்று சொல்கிறேன்.

மெஸ்ஸில் ஒரு சமையல்காரர், மேட்டூர்ப் பக்கம். ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போய் வந்தார். அவரிடம் யாரும் 72 மணி நேர அறிக்கை கேட்கவில்லை. அந்த விதி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்தான், ஒப்பந்த ஆட்கள் எங்கள் பட்டியலிலேயே இல்லை. வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டினார்கள். 97-க்கும் கீழே காட்டியது. வெயிலில் நடந்து வந்த பிள்ளைகளுக்கு நூறு காட்டும் அதே கருவி. அவர் காலையிலேயே டோலோ 650 என்ற காய்ச்சல் மாத்திரை போட்டிருந்தார். (அந்த மாத்திரையைத் தயாரிக்கும் நிறுவனமும் இந்த ஊர்தான்; பெங்களூரில் அந்த வருடம் அதை அறியாத வீடு இல்லை.) அஞ்சாறு நாளில் மெஸ் பையன்கள் மூன்று பேருக்குத் தொற்று. அப்புறம்தான் அவர் தனக்கும் காய்ச்சல் இருந்ததைச் சொன்னார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா சம்பளம் போயிரும் சார். சொல்லலைன்னா காய்ச்சல்தான் போகும்."

அவர்மேல் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. மாணவர்கள் கதையும் அதேதான். 75 சதவீத வருகைப்பதிவு இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது என்று வருடம் முழுக்கச் சொல்லி வளர்த்த பிள்ளை, செமஸ்டர் கடைசியில் இருமலோடு வகுப்புக்கு வராமல் இருப்பானா? கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்காருவான். உட்கார்ந்தார்கள்.

நான் எழுதிக் கொடுத்தது

அரசு ஆணை என்ன சொன்னாலும் அதுதான் விதி, அதில் பேச்சில்லை. ஆனால் அரசு கேட்காததைக் கல்லூரி மேலே சேர்க்கக் கூடாது என்று முதல் வரியிலேயே எழுதினேன். 2021-ல் நாங்கள் செய்த தவறு அதுதான்.

அடிப்படையாக நாலாவது வழியையே எடுத்துக்கொண்டேன். கிளம்பும் முன் பரிசோதனை வேண்டாம். காய்ச்சலோ இருமலோ இருந்தால் கிளம்பவே வேண்டாம். கைபேசியில் ஒரு செய்தி போதும், மருத்துவர் சீட்டுகூட வேண்டாம். அந்த நாட்களுக்கு மாணவருக்கு வருகைப்பதிவு உண்டு. ஊழியருக்கு, ஒப்பந்த ஆள் உட்பட, சம்பளம் பிடிக்கப்படாது. இதைச் சிலர் ஏமாற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பொங்கலுக்கு இரண்டு நாள் சேர்த்து ஊரில் இருந்துவிட்டு "லேசா ஜுரம் சார்" என்பான். இருக்கட்டும். இல்லாத காய்ச்சலைச் சொல்கிறவனால் ஒரு வகுப்பு வீணாகும். இருக்கிற காய்ச்சலை மறைக்கிறவனால் மெஸ்ஸே மூடும்.

பரிசோதனையை வந்த பின்புக்கு மாற்றினேன். வந்த மூன்றாம் நாள் ஒன்று, ஐந்தாம் நாள் ஒன்று, வளாகத்திலேயே, கல்லூரிச் செலவில். இதற்கு ஆர்.டி.பி.சி.ஆர். தேவையில்லை, கால் மணி நேரத்தில் முடிவு சொல்லும் ஆன்டிஜன் போதும். வீட்டிலேயே செய்துகொள்ளும் கோவிசெல்ஃப் கருவிக்கு 2021 மே மாதம் ஐ.சி.எம்.ஆர். அனுமதி கொடுத்தபோது அதன் விலை 250 ரூபாய். சிலரை அது தவறவிடும், உண்மைதான். அதனால்தான் இரண்டு தடவை. பயணத்தில் ஒட்டிக்கொண்டதைப் பிடிக்கிற வாய்ப்பு, கிளம்பும் முன் எடுத்த 800 ரூபாய்க் காகிதத்தைவிட இதற்கு அதிகம். அந்த ஐந்து நாளும் வகுப்பு உண்டு, முகக்கவசத்தோடு. மெஸ்ஸில் மட்டும் கூட்டமாக உட்காராமல் தட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட வேண்டும். ஏதோ ஒரு வைரஸுக்கு நாள் கணக்கு வேறாக இருக்கலாம், அப்போது மூன்றும் ஐந்தும் மாறும்.

தேதி ஒன்றையும் சேர்த்தேன். திறக்கும் நாளைப் பத்து நாள் முன்னால் அறிவிக்க வேண்டும். அறிவிக்கும் முன் சேலத்திலிருந்தும் கோழிக்கோட்டிலிருந்தும் அன்றைக்கு பஸ் ஓடுகிறதா, ரயிலில் இடம் இருக்கிறதா என்று அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பஸ் இல்லையென்றால் ஓசூரில் கல்லூரிப் பேருந்தை நிறுத்தலாம். எங்கள் பேருந்துகள் அந்த நாலு வாரமும் வளாகத்தில் சும்மாதான் நின்றன.

நோயுற்றவர்களுக்கு விடுதியின் மூன்றாம் மாடியில் பத்து அறை, தனிக் குளியலறை வரிசையோடு. ஆசிரியர், மாணவர், சமையல்காரர் எல்லாருக்கும் அதே மாடி.

முதல்வர் படித்துவிட்டு நேற்று திருப்பி அனுப்பினார். பெரும்பாலானவற்றில் கை வைக்கவில்லை. "சம்பளம் பிடிக்கப்படாது" என்ற இடத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, "ஒப்பந்ததாரரிடம் கேட்கவும்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். வார்டன் போனில் கூப்பிட்டு, மூன்றாம் மாடி முழுக்க உடைந்த பெஞ்சுகள் அடுக்கிக் கிடக்கின்றன, சாவி யாரிடம் என்றே தெரியவில்லை என்றார். சனிக்கிழமை ஒரு தச்சரையும் கூட்டிக்கொண்டு மேலே போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.